செம்பனைக் கொள்முதல் நிலையத்தின் 5 கணினிகள்: சிறு வணிகம் லினக்ஸுக்கு மாறுவதற்கான முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தின் ஓரத்தில், சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் அலுவலகத்தில் 5 கணினிகள். ஒன்று எடைமேடைக் கூண்டில் இருக்கிறது, இன்னொன்று கணக்குப் பிரிவில், மூன்றாவதில் குலை வெட்டுகிறவர்களின் செக்ரோல் (வருகை, கூலிப் பதிவேடு) எழுதப்படுகிறது, நான்காவது முன்மேசையில், ஐந்தாவது முதலாளியின் மடிக்கணினி. எல்லாம் 2016, 2017ஆம் ஆண்டுகளில் வாங்கியவை. விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வழங்கிவந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் செயலி என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும் வேண்டும். இந்த ஐந்தில் ஒன்றுகூட அந்தத் தகுதிக்குள் வரவில்லை. "மிசின் நல்லாத்தானே ஓடுது தம்பி, எதுக்குத் தூக்கிப் போடணும்?" என்று முதலாளி கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கிய வேலையை, அதாவது விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாறியதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

3 முதல் 10 கணினிகள் வரை வைத்திருக்கும் கடைகள், லோரி அலுவலகங்கள், தோட்ட அலுவலகங்கள், பட்டறைகள் ஆகியவற்றை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. கணினிக்கென்று தனி ஆள் வைத்துக்கொள்ள முடியாவிட்டாலும், பொறுமையாகக் கற்றுக்கொள்ளும் ஒருவர் அலுவலகத்தில் இருந்தால் போதும். நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: இயங்குதளத்தைக் கடைசியாக மாற்றுங்கள். முதலில் வேலைகளைப் பட்டியலிட வேண்டும். பிறகு அந்த வேலைகளுக்கான மென்பொருள்களை மாற்ற வேண்டும். ஆட்கள் பழகிய பிறகே அடித்தளத்தில் கை வைக்க வேண்டும். நான் பார்த்தவரையில், மாறிவிட்டு ஒரே மாதத்தில் பழையதற்கே திரும்பிய அலுவலகங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தவை.

வணிக உலகில் என்ன நடந்திருக்கிறது

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் அறிவித்த லினக்ஸ் கருநிரல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளோடு சேர்ந்து முழு இயங்குதளமாக வளர்ந்தது. வணிகத்தில் அது முதலில் குடியேறியது யார் கண்ணிலும் படாத வழங்கிக் (சர்வர்) கணினிகளில். உலகின் மிக வேகமான 500 மீக்கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் உள்ள அத்தனை இயந்திரங்களும் லினக்ஸில் இயங்குகின்றன. லினக்ஸையே தொழிலாகக் கொண்ட ரெட் ஹேட் நிறுவனத்தை ஐபிஎம் 2019இல் ஏறத்தாழ 3,400 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. நம் கையிலிருக்கும் ஆண்டிராய்டு கைப்பேசியின் அடியிலும் இருப்பது அதே கருநிரல்தான்.

மேசைக் கணினிக்கு இந்த மாற்றம் தாமதமாகத்தான் வந்தது. அலுவலக மென்பொருள்கள் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டிருந்தது அதற்கு முதன்மைக் காரணம். இப்போது அந்தக் கட்டு தளர்ந்திருக்கிறது. வேலைகள் ஒவ்வொன்றாக உலாவிக்குள் போய்விட்டதால், அடியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பது பல வேலைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பிரெஞ்சு தேசிய ஜான்டார்மரி காவல் படை 2005இல் அலுவலகத் தொகுப்பை ஓப்பன்ஆபிஸுக்கு மாற்றியது. அடுத்து உலாவியையும் மின்னஞ்சல் செயலியையும் மாற்றியது. 2008க்குப் பிறகே உபுண்டு என்ற லினக்ஸுக்குப் போனது. மாற்றம் பல்லாயிரம் கணினிகளில் நிலைத்தது. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலமும் 2024இல், ஏறக்குறைய 30,000 கணினிகளை முதலில் லிப்ரேஆபிஸுக்கும் பின்னர் லினக்ஸுக்கும் கொண்டுபோகும் முடிவை அறிவித்தது. நான் சொல்லும் வரிசை அங்கும் இருப்பதைக் கவனிக்கலாம்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மியூனிக் நகராட்சி 2013 வாக்கில் ஏறத்தாழ 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி முடித்திருந்தும், 2017இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதன் பின்னணியில் அரசியலும் இருந்தது. ஆனால் விண்டோஸை மட்டுமே நம்பிய துறைசார் மென்பொருள்களை முழுவதுமாக விட முடியாமல் இருவகைக் கணினிகளையும் சேர்த்தே நடத்த வேண்டியிருந்ததும் உண்மை. மலேசிய அரசாங்கமும் 2004இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை வெளியிட்டது. ஆகவே இது நம் நாட்டுக்குப் புதிய செய்தி அல்ல.

சுங்கை சிப்புட்டில் வாழ்பவனுக்கு இந்த மென்பொருளின் உரிமை முறை வேறொன்றை நினைவூட்டும். ஆங்கிலேயக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, அவை துண்டாடப்பட்டு, பால்மரம் வெட்டியவர்கள் வேலையும் வீடும் இழந்து நின்றார்கள். இந்த ஊர்க்காரரான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார். தனியொருவர் விற்றுவிட்டுப் போக முடியாதபடி பலர் சேர்ந்து வைத்திருக்கும் சொத்து எப்படிப்பட்டது என்பதை எங்கள் ஊருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. லினக்ஸின் ஜிபிஎல் உரிமமும் அப்படித்தான்: நிரலை யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது மூல நிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும்.

முதல் படி: ஒரு நோட்டுப் புத்தகம்

எந்த மென்பொருளையும் பதிவிறக்குவதற்கு முன், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, கணினிக்கு ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். ஒரு வாரம் முழுவதும், அந்தக் கணினியில் யார் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். "என்னென்ன பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டால் பாதிதான் வரும். எங்கள் நிலையத்தில் கேட்டபோது செக்ரோல் எழுதும் அக்கா, "எக்செல்லு மட்டுந்தான் தம்பி" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான், ஒவ்வொரு சம்பள நாளன்றும் வங்கித் தளத்தில் ஏற்றுவதற்காக ஒரு பழைய நிரல் வழியாக எழுத்துக் கோப்பு ஒன்றை அவர் தயாரிப்பது தெரிந்தது. அந்த நிரலை எழுதிக் கொடுத்தவர் யார் என்றுகூட யாருக்கும் நினைவில்லை.

மாதத்திற்கு ஒருமுறையும் ஆண்டுக்கு ஒருமுறையும் வரும் வேலைகளைத் தனியே குறியுங்கள். அவைதான் பின்னால் காலை வாரிவிடும். கேடபிள்யூஎஸ்பி (தொழிலாளர் சேமநிதி), பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு) சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் போக வேண்டும். தொழிலாளர்களுக்கான இஏ படிவம் (ஆண்டுச் சம்பள விவரம்) பிப்ரவரி இறுதிக்குள் தரப்பட வேண்டும். முதலாளியின் இ படிவத்திற்கு மார்ச் 31 கெடு. 2024 ஆகஸ்டு முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் மின்விலைப்பட்டியல் உங்களுக்குப் பொருந்துமானால் அதையும் எழுதுங்கள். இந்தக் கெடுநாள்களுக்கு நெருக்கமாக எந்த மாற்றத்தையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கணினியோடு இணைந்த கருவிகளையும் விடாமல் எழுத வேண்டும்: அச்சுப்பொறியின் மாதிரி எண், வருடி, ரசீது அச்சுப்பொறி, பணப்பெட்டி, எடைமேடைக் கம்பி, எல்லாம்.

இரண்டாம் படி: வேலைகளைப் பிரித்தல்

நோட்டில் உள்ளதை மூன்று நிறப் பேனாவால் குறியுங்கள். உலாவிக்குள் நடப்பது பச்சை. கடிதம், கணக்குத்தாள், பிடிஎஃப் போன்ற கோப்பு வேலை நீலம். விண்டோஸில் மட்டுமே ஓடும் மென்பொருள் சிவப்பு.

எங்கள் நிலையத்தில் பச்சை நான் நினைத்ததைவிட மிக அதிகமாக இருந்தது. கேடபிள்யூஎஸ்பியின் ஐ-அக்காவுன், பெர்கேசோவின் அசிஸ்ட் தளம், வருமான வரி வாரியத்தின் மைடேக்ஸ், மைஇன்வாய்ஸ், வங்கிச் சேவை ஆகிய எல்லாமே உலாவிக்குள் முடிந்துவிட்டன. சிவப்பில் நின்றவை மூன்று: கணக்கு மென்பொருள், அக்காவின் வங்கிக் கோப்பு நிரல், எடைமேடை நிரல். மூன்றே சிவப்பு என்றால் மாறலாம். பக்கம் முழுவதும் சிவப்பாக இருந்தால், உதாரணமாக வரைபட மென்பொருளை நம்பிய பட்டறையாக இருந்தால், இப்போதைக்கு மாறாதீர்கள் என்றே நான் சொல்வேன்.

மூன்றாம் படி: விண்டோஸிலேயே மென்பொருளை மாற்றுதல்

இந்தப் படிக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். இருக்கும் விண்டோஸிலேயே ஃபயர்ஃபாக்ஸ் உலாவி, தண்டர்பேர்டு மின்னஞ்சல் செயலி, லிப்ரேஆபிஸ் தொகுப்பு ஆகியவற்றை நிறுவி அன்றாட வேலையை அவற்றுக்கு நகர்த்துங்கள். மூன்றும் லினக்ஸிலும் அதே முகத்தோடு இருப்பவை. சிக்கல் வந்தால் பழைய மென்பொருள் பக்கத்திலேயே இருக்கிறது, வேலை நிற்காது.

இங்கே வரும் சிக்கல்கள் பெரும்பாலும் மூன்று வகை. முதலாவது எழுத்துரு. கலிப்ரியில் அமைத்த கடிதத்தைத் திறக்கும்போது வரிகள் நகர்ந்தால், அதே அகல அளவுகளில் உருவாக்கப்பட்ட கார்லிட்டோ எழுத்துருவை நிறுவினால் சரியாகும். கேம்பிரியாவுக்கு இணை கலாடியா. இரண்டாவது, எக்செல் கோப்புக்குள் எழுதப்பட்ட மேக்ரோக்கள் (வேலையைத் தானாகச் செய்யும் குட்டி நிரல்கள்). எளியவை அப்படியே ஓடும், சிக்கலானவை ஓடாது. அக்காவின் செக்ரோல் கோப்பில் 31 நாளுக்கு 31 பத்தி. ஒவ்வொரு கட்டத்திலும் முழுப் பேர் (முழுநாள் வேலை), அரைப் பேர் (அரைநாள்), டன் கணக்கு. கடைசிப் பத்தியில் கூட்டுத்தொகை தரும் வாய்பாடுகள் எந்த மாற்றமும் இல்லாமல் வேலை செய்தன. சம்பளச் சீட்டை ஆளுக்கொன்றாக அச்சிடும் பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை. அதற்குப் பதிலாக லிப்ரேஆபிஸின் அஞ்சல் இணைப்பு வசதியில் சீட்டை ஒருமுறை வடிவமைத்துக் கொடுத்தேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் அதற்குப் போனது. வங்கிக் கோப்பையும் அதே தாளிலிருந்தே ஏற்றுமதி செய்யும்படி அமைத்ததில், ஒரு சிவப்பு நீலமாகிவிட்டது.

மூன்றாவது சிக்கல் நம்முடையது: பழைய தமிழ்க் கோப்புகள். ஒருங்குறி (யூனிகோடு) பரவுவதற்கு முன், தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியாக்கத்தில் இருந்தன. முதலாளியின் மடிக்கணினியில் ஆலயத் திருவிழா அழைப்பிதழ்களும் தமிழ்ப்பள்ளிக்கு எழுதிய கடிதங்களும் பல ஆண்டுக்காலம் சேர்ந்து கிடந்தன. புதிய இடத்தில் திறந்தால், எழுத்துக்குப் பதில் புள்ளியும் கொம்பும் வைத்த ரோமன் எழுத்துகளாகத் தெரிந்தன. கோப்பு கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். எழுத்துருக் கோப்பைப் பழைய கணினியிலிருந்து எடுத்துப் புதியதில் வைத்தால் அச்சிடலாம். ஆனால் தேடவோ திருத்தவோ வேண்டுமென்றால் ஒருங்குறி மாற்றியில் இட்டு மாற்றுவதே நிலையான தீர்வு. இதை இப்போதே, பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுங்கள். மாற்றிய பிறகு ஒரு பக்கத்தையாவது கண்ணால் படித்துப் பாருங்கள். ஒகர ஓகாரங்களும் 'ஔ' எழுத்தும் இடம் மாறுவது வழக்கம்.

தமிழ் உள்ளீட்டுக்கு லினக்ஸில் ஐபஸ் என்ற கருவியோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை, தட்டச்சு முறை ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கும். நம் நாட்டின் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு மென்பொருளின் வழியே அஞ்சல் முறையில் பழகியவர்கள் இங்கே ஏராளம். அவர்களுக்கு ஒலிப்பு முறை கைக்கு நெருக்கமாக இருக்கும். சில விசைகள் மட்டும் வேறுபடும். அந்த வேறுபாடுகளை ஒரு தாளில் எழுதித் திரைக்குக் கீழே ஒட்டிவிடுங்கள்.

நான்காம் படி: எந்த லினக்ஸ்

லினக்ஸ் பல வழங்கல்களாக, அதாவது வெவ்வேறு பெயரில் தொகுக்கப்பட்ட வகைகளாகக் கிடைக்கிறது; அந்தப் பெயர்ப்பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். வணிகத்திற்குக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எத்தனை ஆண்டு பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும்? உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏப்ரலில் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. உபுண்டு 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்ட லினக்ஸ் மிண்ட் 22-க்கு 2029 வரை ஆதரவு. டெபியனின் 13ஆம் பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது.

மேசைக் கணினிக்கு என் தேர்வு லினக்ஸ் மிண்டின் சினமன் பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்று அது பழகிய முகத்தோடு இருப்பதால் முதல் நாள் பதற்றம் குறைகிறது. கோப்புகளை வைத்துக் காக்கும் வழங்கிக்கு டெபியன். இணையத்தில் யாரோ புகழ்ந்தார் என்று வாரந்தோறும் மாறும் வழங்கல்களை அலுவலகத்தில் நிறுவாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு கருவிக்குள் யாரோ கள்ளவழி ஒன்றை நுழைத்திருந்தது வெளிப்பட்டது. உள்நுழைய அரை நொடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட் என்ற பொறியாளர்தான் தேடிப்போய் அதைக் கண்டுபிடித்தார். மூல நிரல் திறந்திருந்ததால் அவரால் கண்டுபிடிக்க முடிந்தது. டெபியனின் நிலையான பதிப்பை அது எட்டவில்லை. நிதானமாக நகரும் பதிப்பைத் தேர்ந்தெடுப்பதன் பயன் அதில் தெரிகிறது.

இலவசம் என்பதால் ஆதரவு என்றும் தொடரும் என்றும் நம்பிவிடக் கூடாது. பல நிறுவனங்கள் நம்பியிருந்த சென்ட்ஓஎஸ் 8 என்ற இலவச லினக்ஸ் வழங்கலின் ஆதரவு 2021 இறுதியோடு முடிந்துவிடும் என்று 2020 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஆனால் நிரல் பொதுவில் இருந்ததால் ராக்கி லினக்ஸ், அல்மாலினக்ஸ் என்ற இரண்டு மாற்றுகள் அதே அடித்தளத்தில் எழுந்தன. ஆதரவு முடியும் நாளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஐந்தாம் படி: நிறுவாமலே ஓட்டிப் பார்த்தல்

மிண்ட் தளத்திலிருந்து படிமக் கோப்பைப் பதிவிறக்கி, தளத்தில் கொடுத்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, ரூஃபஸ் அல்லது எட்சர் கருவியால் பென்டிரைவில் எழுதுங்கள். அந்தப் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கினால், வன்தட்டில் எதையும் தொடாமலே லினக்ஸ் ஓடும். தொடங்கும் விசை கணினிக்குக் கணினி வேறு. எஃப்2, எஃப்9, எஃப்12, எஸ்கேப் ஆகியவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால், மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வைக்காமல் இந்தப் படிக்கு வராதீர்கள்.

ஒவ்வொரு கணினியிலும் அரை மணி நேரம் இப்படி ஓட்டி, வைஃபை, ஒலி, திரை, அச்சுப்பொறி, வருடி ஆகியவற்றைச் சோதியுங்கள். எங்களுக்கு வேலை வைத்தது முன்மேசையிலிருந்த டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிதான். மூன்று படி கார்பன் தாளில் எடைச் சீட்டு அடிப்பது அது. லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸ், 24 ஊசி அச்சுப்பொறிக்கான பொது இயக்கியோடு அதை உடனே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு சீட்டுக்குப் பிறகும் ஒரு வெற்றுத் தாளைத் தள்ளியது. காரணம் தாளின் அளவு. துளையோரத் தொடர்தாளில் எங்கள் சீட்டின் உயரம் ஐந்தரை அங்குலம். அமைப்போ முழுத் தாள் என்று நினைத்திருந்தது. தனி அளவொன்றை உருவாக்கி, ஓரங்களைச் சுழியமாக வைத்ததும் சீட்டுகள் கிழிப்புக் கோட்டில் சரியாக நின்றன.

எடைமேடைக் கூண்டில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முத்திரை வைத்த காட்டிப் பெட்டியைத் திறக்கக்கூடாது. அதிலிருந்து வரும் தொடர்முனைக் (சீரியல்) கம்பி அனுப்பும் எடை எண்ணைப் படிப்பதோடு நம் வேலை முடிகிறது. கம்பியை யுஎஸ்பி மாற்றியில் செருகினால் லினக்ஸ் அதை உடனே அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் சாதாரணப் பயனருக்கு அதைப் படிக்க அனுமதி இருக்காது. பயனரை 'டயல்அவுட்' என்ற குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு பிற்பகல் முழுவதும் கம்பியை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். குழுவில் சேர்த்த பிறகு, குலை ஏற்றி வந்த லோரி மேடையில் ஏற ஏற, திரையில் எண்கள் வரிவரியாக ஓடின. அந்த எண்ணை வாங்கி, மொத்த எடையிலிருந்து வெற்று வண்டி எடையைக் கழித்து, நிகர எடையோடு சீட்டு அடிக்கும் சிறு நிரலைப் பைத்தானில் எழுதினோம். பழைய நிரலும் புதியதும் ஒரு மாதம் அருகருகே ஓடின. இரண்டு சீட்டுகளின் எண்ணும் ஒவ்வொரு லோரிக்கும் ஒத்துப்போன பிறகே பழையதை நிறுத்தினோம். தோட்டக்காரரின் பணம் அந்த எண்ணில் இருக்கிறது. அதில் அவசரம் கூடவே கூடாது.

ஆறாம் படி: நிறுவுதல்

பழைய வன்தட்டை அழித்து அதன் மேல் நிறுவாதீர்கள். ஒரு புதிய எஸ்எஸ்டி (வன்தட்டைவிட வேகமான சேமிப்பகம்) வாங்கிப் பொருத்தி அதில் லினக்ஸை நிறுவுங்கள். பழைய வன்தட்டைக் கழற்றி, கணினியின் பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டி, பெட்டகத்தில் வையுங்கள். ஏதேனும் தவறினால் பத்து நிமிடத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம் என்ற நிம்மதி, அலுவலகத்தில் எல்லாருடைய பயத்தையும் குறைக்கும். 2016ஆம் ஆண்டுக் கணினி எஸ்எஸ்டியில் எவ்வளவு வேகமாகத் தொடங்குகிறது என்பதைப் பார்த்த பிறகு, எதிர்ப்பும் தானாகவே குறைந்துவிடும். ஒரே தட்டில் இரு இயங்குதளங்களை வைக்கும் முறையை அலுவலகத்திற்கு நான் பரிந்துரைப்பதில்லை. ஆட்கள் பழைய பக்கத்திலேயே தங்கிவிடுவார்கள், கோப்புகள் இரண்டு இடத்தில் சிதறும்.

நிறுவும்போது தட்டை மறையாக்கம் செய்யும், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். செக்ரோலில் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கின்றன. நிர்வாகிக் கணக்கு ஒன்று, அன்றாடக் கணக்கு வேறு என்று பிரியுங்கள். நிறுவி முடிந்ததும் டைம்ஷிஃப்ட் கருவியில், பின்னால் அதே நிலைக்குத் திரும்ப உதவும் ஒரு நிலைப்படம் எடுத்துவிட்டு, பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக வரும்படி அமையுங்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் விண்டோஸ் கணினிகளில் பரவியபோது அதற்கான திருத்தம் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது; புதுப்பிக்காதவர்களே பெரும்பாலும் அடிபட்டார்கள். லினக்ஸ் என்பதற்காக இந்தக் கடமை குறைந்துவிடாது.

முதலில் ஒரே ஒரு கணினி. அதையும் ஆர்வமுள்ளவரின் மேசையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்தது. எடைமேடைக் கூண்டு எப்போதும் கடைசி.

ஏழாம் படி: சிவப்பில் மிஞ்சியது

கணக்கு மென்பொருள் ஒன்றுதான் எங்களுக்குச் சிவப்பில் மிஞ்சியது. வைன் என்ற கருவியால் சில விண்டோஸ் நிரல்கள் லினக்ஸில் ஓடும். ஆனால் தணிக்கைக்குப் போகும் கணக்கை அதன் மேல் நடத்த எனக்குத் துணிவில்லை. லினக்ஸுக்குள்ளேயே மென்பொருளால் அமைக்கும் மெய்நிகர் கணினிக்குள் உரிமம் பெற்ற விண்டோஸை ஓட்டலாம். அதற்கு 16 ஜிபி நினைவகம் இருந்தால் நல்லது. நாங்கள் மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுத்தோம்: விண்டோஸ் 11 புரோ உள்ள ஒரே ஒரு புதிய கணினியைக் கணக்குப் பிரிவுக்கு வாங்கினோம். முதலாளி தம் மடிக்கணினியிலிருந்து ரெம்மினா என்ற தொலைத்திரைக் கருவி வழியாக அதைப் பார்க்கிறார். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் இருக்க முடியும் என்பதால், கணக்காளர் வீட்டுக்குப் போன பிறகு பார்க்கிறார். கணக்கு மென்பொருளை லினக்ஸில் ஓடவைத்தே தீருவது என்று பிடிவாதம் பிடித்திருந்தால் முழுத் திட்டமும் அங்கேயே நின்றிருக்கும்.

கணக்குப் பிரிவின் பழைய கணினி வீணாகவில்லை. அதில் டெபியனை நிறுவி, சாம்பா என்ற கோப்புப் பகிர்வுக் கருவி வழியாக எல்லாரும் பகிரும் கோப்புறையாக்கினோம்; விண்டோஸ் கணினியும் லினக்ஸ் கணினிகளும் ஒரே இடத்தில் கோப்பை வைக்கின்றன. இரவு 9 மணிக்கு ஆர்சிங்க் கருவி அதன் நகலை வெளித்தட்டு ஒன்றில் எழுதுகிறது. வெள்ளிக்கிழமை தோறும் இன்னொரு தட்டு முதலாளியின் வீட்டுக்குப் போகிறது. இந்தப் பக்கத்து இடிமின்னலை அறிந்தவர்கள் அந்த இரண்டாவது தட்டு ஏன் வெளியே போக வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். யுபிஎஸ் வாங்கியே ஆக வேண்டும். தொலைபேசிக் கம்பி வழியாகவும் மின்னல் இறங்கும் என்பதால் ரௌட்டருக்கும் பாதுகாப்பு வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு கோப்பை நகலிலிருந்து மீட்டுத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நகல் என்று நான் எண்ணுவதில்லை.

எட்டாம் படி: ஆட்களும் பணமும்

விண்டோஸ் 10-ஐயே வைத்துக்கொண்டு நீட்டித்த ஆதரவை வாங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நிறுவனங்களுக்கான விலை முதலாண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 அமெரிக்க டாலர். ஒவ்வோர் ஆண்டும் இரட்டிப்பாகி மூன்றாண்டோடு முடிகிறது. 5 கணினிகளுக்கு 305, 610, 1,220 என்று மொத்தம் 2,135 டாலர். நான்காம் ஆண்டில் கணினிகளை எப்படியும் மாற்ற வேண்டும். லினக்ஸுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் "செலவே இல்லை" என்று சொல்லி யாரையும் இதற்குள் இழுக்காதீர்கள். எஸ்எஸ்டி, யுபிஎஸ், தட்டுகள், உதவிக்கு வருபவரின் கூலி, எல்லாவற்றுக்கும் மேலாகப் பழகும் நேரம், எல்லாம் பணம்தான். மிஞ்சும் தொகையில் ஒரு பகுதியைப் பயிற்சிக்கென்று தனியே எடுத்து வைக்கும் முதலாளியிடம்தான் இந்த மாற்றம் நிலைக்கும்.

பயிற்சி என்றால் வகுப்பு எடுப்பது அல்ல. முதல் சம்பள நாளன்று காலையிலிருந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "தம்பி, நம்ம பேர் போடுற சீட்டு எங்க போச்சு?" என்று கேட்டார். திரையில் அதே இடத்தில்தான் இருந்தது. படக்குறியின் நிறம் மட்டும் மாறியிருந்தது. கோப்பின் குறுக்குவழியைத் தமிழில் 'செக்ரோல்' என்று பெயரிட்டு மேசைத்திரையின் நடுவில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்த இடத்தில் கேள்வி வரவில்லை. மற்றவர்களுக்கும் அப்படியே, கோப்புறைகளுக்கு அவர்கள் வாயில் புழங்கும் பெயரையே வையுங்கள்: எடைச் சீட்டு, லோரிக் கணக்கு, சம்பளம், ஆலயம்.

ஒன்பதாம் படி: ஒப்படைத்தல்

நிறுவியவர் ஊரை விட்டுப் போனாலும் அலுவலகம் ஓட வேண்டும். முதல் படியில் வாங்கிய அதே நோட்டில், கணினிக்கு ஒரு பக்கமாக, எந்தப் பதிப்பு, நிறுவிய தேதி, ஆதரவு முடியும் ஆண்டு, அச்சுப்பொறியின் தாள் அளவு, எடைமேடையின் தொடர்முனை வேகம், நகல் எடுக்கும் நேரம் ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள். நிர்வாகிக் கடவுச்சொற்களையும் மறையாக்கச் சாவிகளையும் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, பழைய வன்தட்டுகளோடு பெட்டகத்தில் வையுங்கள். கணினித் தொழில் தெரிந்த வேறொருவரை அழைத்து, அந்த நோட்டை மட்டும் கையில் கொடுத்து, ஒரு கணினியைப் புதிதாக நிறுவச் சொல்லுங்கள். அவர் உங்களை எந்த இடத்தில் கூப்பிட்டுக் கேட்கிறாரோ, அந்த இடத்தில் நோட்டில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. எங்கள் நோட்டில் அப்படி விட்டுப்போனது டயல்அவுட் வரி; எடைமேடைப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் அதை எழுதிச் சேர்த்தோம்.